கொத்தனார் கூலி முந்நூறு டாலர்

முதல் சனிக்கிழமையே அந்த வகுப்பு கந்தல் ஆகிப்போனது. அதற்கு வகுப்பெடுத்த பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அதேதாவுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். வீட்டு வரவு செலவை எப்படிச் சமாளிப்பது என்று வுனிவாவு ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர, தலைநகர் சுவாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். வெறும் பேச்சாகப் பேசினால் யார் தலையிலும் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு மூட்டை காய்ந்த பட்டாணியும் ஒரு பெட்டி நிறையக் காகிதக் கோப்பைகளும் கொண்டுவந்திருந்தாள்.

சர்ச் கூடத்தில் பதினெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இருநூறு பட்டாணி. ஒரு பட்டாணி ஒரு டாலர். முன்னால் ஐந்து கோப்பைகள்: சாப்பாடு, பஸ், பள்ளிக்கூடம், காணிக்கை, சேமிப்பு. பட்டாணியைப் பிரித்துப் போட்டதும் ஒவ்வொருத்தியும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் என்ன கஷ்டம் எழுதியிருக்கிறதோ அதைக் கையில் இருக்கும் பட்டாணியை வைத்தே சமாளிக்க வேண்டும். கடைசியில் யார் சேமிப்புக் கோப்பையில் அதிகம் மிஞ்சுகிறதோ அவள் கெட்டிக்காரி.

வசெமாதாவுக்கு வந்த சீட்டில் 'வீட்டில் சாவு' என்று இருந்தது. அவள் சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு ஒப்பாரி வைத்தாள் பாருங்கள், வெளியே மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த தன் அண்ணன் மனைவி உனைசியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, கெரேகெரே. ஒரு இருபது பட்டாணி."

அந்த ஊரில் ஒரு சொந்தக்காரி கெரேகெரே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், இருக்கிறதைக் கொடுத்தாக வேண்டும். பிறகு திருப்பிக் கேட்கவும் கூடாது. உனைசி முப்பதாக எண்ணிக் கொடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் கொடுத்தாள், அதற்கடுத்தவளும் கொடுத்தாள். ஆட்டம் முடிந்தபோது எல்லார் சேமிப்புக் கோப்பையும் துடைத்து வைத்தது போல் இருந்தது. செத்த வீட்டுக்காரி வசெமாதாவிடம் மட்டும் நானூற்று முப்பத்தோரு பட்டாணி.

அதேதா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அக்கா, இது விளையாட்டு. இதுல கேட்டாலும் குடுக்கணும்னு இல்ல."

"கேட்டுட்டாளேம்மா" என்றாள் உனைசி.

"பட்டாணிதானே கேட்டாங்க!"

"பட்டாணியே தரமாட்டேன்னா, நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிக்கறது?"

வசெமாதா பட்டாணியை மடியில் கட்டிக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், கெட்டிக்காரி நான்தானே? பரிசு எங்க?"

கூடமே சிரித்தது. அதேதாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் வளர்ந்ததும் இப்படி ஒரு ஊரில்தான், என்ன செய்வாள் பாவம். அடுத்த வாரம் ஆறாவதாக ஒரு கோப்பை கொண்டுவந்தாள். அதில் 'கேட்டால் கொடுக்க' என்று எழுதியிருந்தது. மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று முதலிலேயே முடிவு செய்து அதில் போட்டுவிடுங்கள், யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அதிலிருந்து கொடுங்கள், தீர்ந்தால் காலிக் கோப்பையைக் காட்டுங்கள் என்றாள். இல்லை என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பது பெண்களுக்குப் பிடித்துப்போனது.

உனைசி அன்றைக்கே வீட்டுக்கு வந்து நான்கு பால்பவுடர் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்தாள்.

அவளுக்கு வகுப்பு ஒரு பொழுதுபோக்கு இல்லை. கடற்கரை ஓட்டலுக்குத் தென்னைமரம் ஏறிக் குலை இறக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் மாதியு, இரண்டு வருஷத்துக்கு முன் மரத்திலிருந்து விழுந்தான். அதிலிருந்து வலது முழங்கால் மடங்காது. வீட்டில் உட்கார்ந்து ஈர்க்குச்சித் துடைப்பம் கட்டி ஓட்டலுக்கே விற்கிறான். உனைசி தேங்காய்ப்பால் பன் சுட்டு ரோட்டோரம் வைத்து விற்கிறாள். வாரத்துக்கு நூற்றெண்பது டாலர் போல வரும். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கொல்லையில் மரவள்ளி இருக்கிறது, கடலில் மீன் இருக்கிறது. கக்கூஸ்தான் பிரச்சினை.

அது வீட்டுக்குப் பின்னால் சரிவில், நாற்பதடி இறங்கினால்தான் வரும். போன மழைக்காலத்தில் மாதியு அந்தச் சரிவில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஒன்றரை மணி நேரம் சேற்றில் கிடந்தான். உனைசி பன் விற்றுவிட்டு வந்துதான் தூக்கினாள். "சும்மா படுத்து எறும்பு எண்ணிட்டிருந்தேன்" என்று அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. அவன் உதடு குளிரில் நீலமாக இருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் வீட்டுச் சுவரை ஒட்டியே ஒரு கக்கூஸ் கட்டிவிட வேண்டும் என்று அன்றே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஆக, ஒரு டப்பா வீட்டுச் செலவுக்கு, ஒன்று காணிக்கைக்கு, ஒன்று கேட்டால் கொடுக்க, நான்காவது கக்கூஸுக்கு. பன்றியை விற்ற முந்நூறு டாலரை நான்காவதில் போட்டுத் தொடங்கினாள். மூன்றாவது டப்பாவில் சனிக்கிழமைதோறும் பதினைந்து டாலர். ஊர் லேசுப்பட்டதா? சனிக்கிழமை டப்பா நிறைகிற விஷயம் இரண்டே வாரத்தில் பரவிவிட்டது. சனிக்கிழமை மத்தியானமானால் உனைசி வீட்டுப் பக்கம் நாலு பேருக்குக் காற்று வாங்கத் தோன்றும். கொடுப்பாள். திங்கட்கிழமை யாராவது வந்தால் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுவாள். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, சனிக்கிழமை வரேன்" என்று கோபமில்லாமல் போவார்கள். நான்காவது டப்பா மெல்ல மெல்லக் கனத்தது. உனைசிக்கு நடையே மாறிவிட்டது. பன் மாவு பிசையும்போது பாட்டு வந்தது.

இந்த நல்ல காலத்தில்தான் அவள் ஒரு காரியம் செய்தாள்.

மாதக்கணக்கில் நடந்த அந்த வகுப்பின் கடைசிப் பாடம், ஆளுக்கொரு பெரிய செலவுக்குத் திட்டம் எழுதிக்கொண்டு வந்து படிப்பது. உனைசி நோட்டைப் பிரித்துக் கணீரென்று படித்தாள். சிமெண்டும் மணலும் இருநூற்று நாற்பது. கக்கூஸ் பீங்கானும் தண்ணீர்த் தொட்டியும் நூற்றுத் தொண்ணூறு. குழாய் தொண்ணூற்றைந்து. கூரைத் தகரமும் கட்டையும் நூற்றிருபத்தைந்து. கொத்தனார் கூலி முந்நூறு. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து ஐம்பது டாலர்.

"பாருங்க அக்காக்களே, கொத்தனார் கூலி வரைக்கும் விடாம எழுதியிருக்காங்க! இதுதான் திட்டம்!" என்று அதேதா கைதட்டினாள்.

வேறு யாரும் தட்டவில்லை. பதினேழு பெண்களும் பாயைப் பார்த்தார்கள். வசெமாதா, "அடுப்புல பானை இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஏனென்றால் வசெமாதாவின் புருஷன் வைசாலே கொத்தனார். சிங்காதோக்கா டவுன் வரை பேர் வாங்கிய கொத்தனார். அது அதேதாவுக்குத் தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும். உனைசிக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினாள். சொந்த நாத்தனார் புருஷன் சாந்துக் கரண்டியோடு பத்து வீடு தள்ளி இருக்கும்போது, முன்பின் தெரியாத டவுன் கொத்தனாருக்கு முந்நூறு டாலர் எழுதி அதை ஊர்ப் பெண்கள் முன்னால் உரக்கவும் படித்தால், அது நாத்தனாரைக் கன்னத்தில் அறைந்தது மாதிரிதான்.

உனைசியின் கணக்கு வேறு. அவள் தூரத் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த முதல் வாரத்திலேயே, "தீவுக்காரி வெறுங்கையோட வந்திருக்கா, இனி ஊரெல்லாம் கேட்டே தின்பா" என்று ஒருத்தி கிணற்றடியில் சொன்னது காதில் விழுந்தது. சொன்னவள் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. உனைசி மட்டும் அந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். யார் கேட்டாலும் கொடுப்பாள், யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். இது பெருமை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வசெமாதா அவளைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். நாத்தனாரும் அண்ணியும் ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொண்டே இருந்தால்தான் உறவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "அண்ணி, உன் பன்னை வச்சு வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாமா?" என்று தினமும் ரோட்டோரம் வந்து கேட்பவள், இப்போது "நல்லா இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கடந்து போனாள். உனைசிக்கு அந்த 'ங்க' சுருக்கென்று தைத்தது. நம் டப்பா நிறைவதைப் பார்த்து வயிறு எரிகிறது போல என்று அவளாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஒட்டவில்லை.

அக்டோபர் நடுவில் நான்காவது டப்பாவில் அறுநூற்று நாற்பது டாலர் சேர்ந்திருந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம் பன் முழுவதும் விற்றுக் காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். மாதியு துடைப்பம் கட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"பெதெலி வந்திருந்தான்" என்றான்.

பெதெலி வசெமாதாவின் மூத்த மகன். ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கிற வேலைக்குப் போக அவனுக்கு இடம் கிடைத்திருந்தது.

"நல்ல செய்திதானே, அதுக்கு ஏன் இப்படி இருக்கீங்க?"

"பாஸ்போர்ட்டுக்கும் டாக்டர் பரிசோதனைக்கும் வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணுமாம். வாசல்ல உக்காந்து கேட்டான். மூணாவது டப்பாவைக் கவுத்துக் காட்டினேன்."

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

"அவனும் 'சரி மாமா'ன்னு எழுந்துட்டான். என் தங்கச்சி மகன், உனைசி. என் வாசல்லேர்ந்து வெறுங்கையோட எழுந்து போறான். முதுகைப் பாத்ததும் எனக்குத் தாங்கல."

"அதனால?"

"அடுத்த டப்பாவைத் திறந்தேன்."

உனைசி கூடையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு?"

"நானூத்தி எண்பது."

அவளுக்கு வந்த கோபத்தில் நான்கு டப்பாவையும் கடலில் வீசியிருப்பாள். ஆனால் என்ன சொல்ல முடியும்? தாய்மாமன் வீட்டில் மருமகனுக்கு இல்லாத உரிமையா? அடுப்போடு பெயர்த்துக்கொண்டு போனாலும் வாய் திறக்க முடியாது. பையன் மேலும் தப்பில்லை, டப்பாவில் இருந்தது எதற்கான பணம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"மழைக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல" என்றாள்.

"நான் மெதுவா நடந்துக்கறேன்" என்றான் மாதியு.

அவன் ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். இந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி மறுபடி கணக்குப் போட்டாள். மிச்சம் நூற்றறுபது. வேண்டியது தொள்ளாயிரத்து ஐம்பது. வாரம் நாற்பது ஐம்பது சேர்த்தால் மழைக்காலமே முடிந்துவிடும். தகரத்தைக் குறைத்துப் பார்த்தாள், குழாயைக் குறைத்துப் பார்த்தாள். எங்கே குறைத்தாலும் தேறவில்லை.

மாதியு காலை நீட்டியபடி நகர்ந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தான். "அந்த முந்நூறை அடிச்சிடேன்."

"எப்படி அடிக்கறது?"

"எப்படின்னு உனக்குத் தெரியும்."

"அப்ப நீங்க போய் உங்க மச்சானைக் கேளுங்களேன்."

"நான் கேட்டா அவன் உடனே வருவான். ஆனா என் தங்கச்சிக்கு மனசு ஆறாது. அவளுக்கு நீ கேக்கணும்." மடங்காத காலைத் தடவிக்கொண்டு, "உனக்கு வேண்டாம்னா விடு. சரிவுல ஒரு கயிறு கட்டிக்கலாம்" என்றான்.

உனைசி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். வியாழக்கிழமை பன் சுட்டு, நாத்தனார் வீட்டுக்கென்று ஆறு பன்னை இலையில் கட்டினாள். கட்டியதை மறுபடி பிரித்தாள். பன்னோடு போனால் அது பண்டமாற்று ஆகிவிடும். கேட்பதென்றால் வெறுங்கையோடுதான் போய்க் கேட்க வேண்டும். முன்பு ஒருத்தி சொன்ன அதே வெறுங்கை. பத்து வீடுதான், ஆனால் நடந்து முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது.

வசெமாதா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. "வாங்க" என்றாள், நிமிராமல்.

உனைசி வாசலை ஒட்டிய பாய் ஓரத்தில், கேட்க வந்தவர்கள் உட்காருகிற இடத்தில், போய் உட்கார்ந்தாள். வசெமாதாவின் கை ஒரு நொடி நின்று மறுபடி துருவியது.

"பெதெலிக்கு வேலை கிடைச்சது சந்தோஷம்."

"ம்."

மீன் வாசனை நன்றாக இருக்கிறது என்றாள். காற்று மாறுகிறது என்றாள்.  எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது.  சரிவில் சேற்றோடு கிடந்த மாதியுவை நினைத்துக்கொண்டாள்.

"வசெமாதா," என்றாள். "கெரேகெரே."

துருவல் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"கெரேகெரே."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

வசெமாதா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன வேணும்?"

படபடப்பில் உனைசி யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "உன் புருஷன் வேணும்" என்றாள்.

 வசெமாதாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு வாரம் போதும்டி."

"ஒரு வாரமா? நிரந்தரமா வச்சுக்கோயேன் அண்ணி! குறட்டையும் சேத்துத்தான் தருவேன், தனியா பிரிச்சுத் தரமாட்டேன்!"

இருவரும் பாயில் சாய்ந்து விழுந்து சிரித்தார்கள். துருவிய தேங்காய் கொட்டிப்போனது. சிரித்துக்கொண்டே இருந்த வசெமாதா எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று உனைசிக்குத் தெரியவில்லை. முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு உனைசியின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷம்! ஒரு கை உப்பு கேட்டிருப்பியா? ஒரு நெருப்புக்குச்சி? நான் மட்டும் உன் வீட்டுக்கு வந்து வந்து கேக்கறேன், நீ குடுத்துக்கிட்டே இருக்க. என்னைப் பிச்சைக்காரியா ஆக்கி வச்சிருந்த. அதுக்கு மேல, ஊருக்கு முன்னாடி கொத்தனாருக்குக் கூலி எழுதிப் படிக்கற!"

"நான் அப்படி நினைச்சு எழுதலடி."

"வேற எப்படி நினைச்ச? பெதெலிகிட்டக்கூடச் சொன்னேன், மாமா வீட்டுக்குப் போகாதடா, நம்மகிட்ட எதுவும் கேக்காதவங்ககிட்ட நாம எப்படிக் கேக்கறதுன்னு. எனக்குத் தெரியாம வந்திருக்கான். அந்தப் பணம் எதுக்கு வச்சதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு உயிரே போச்சு. திருப்பிக் குடுத்தா நீ வாங்குவியா?"

"வாங்க மாட்டேன். அது மருமகனுக்குக் குடுத்தது."

"அதான் பாத்தேன். கொல்லைல மூணு கக்கூஸ் பீங்கான் கிடக்கு. ஓட்டல்ல ரூமை மாத்தறப்ப வேண்டாம்னு இவர்கிட்டக் குடுத்தது. ஒண்ணுல கோழி அடை காக்குது, மத்த ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கோ. தினமும் இந்தப் பக்கமாத்தானே போற, உன் கண்ணுல படலையா?"

"பட்டுது" என்றாள் உனைசி. நோட்டில் நூற்றுத் தொண்ணூறு எழுதும்போதும் அந்தப் பீங்கான்கள் நினைவுக்கு வரத்தான் செய்தன.

"தொட்டி இருக்கு, தகரம் இருக்கு, அரை மூட்டை அரை மூட்டையா சிமெண்ட் இருக்கு. குழாய் ஒண்ணுதான் நீ வாங்கணும். திங்கக்கிழமை காலைல இவர் உன் வீட்டு வாசல்ல நிப்பார். ஏன் நிக்கறார்னு அவருக்கு நான் அப்புறம் சொல்லிக்கறேன்."

 நன்றி சொல்லத் தொடங்கிய உனைசியை வசெமாதா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் கேளு."

"போதும்டி. இதுக்கு மேல என்ன கேக்கறது?"

"இருபத்திரண்டு வருஷத்து பாக்கி. கேளுங்கறேன்."

உனைசி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பாய் இருந்தது, விளக்கு இருந்தது, மூலையில் புதுத் துணி மடித்து வைத்திருந்தது. எதிலும் அவளுக்கு ஆசை எழவில்லை. காலையிலிருந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பசிக்குது" என்றாள்.

வசெமாதா தட்டை எடுத்து மீனும் மரவள்ளியும் வைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றினாள். விருந்துக்குக் கூப்பிட்ட நாட்களில், போட்டதில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறவள் உனைசி. அன்றைக்கு முள்ளைக்கூடச் சப்பிச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும், இன்னும் கொஞ்சம் மீன் போடு என்று அவளே கையை நீட்டினாள்.